கல்குவாரிக் கூட்டத்துக்குப் போகும் முன் கைவசம் இருக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள்

கேள்வி இதுதான். காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்குவாரிக்காகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். திட்டத்தின் அறிக்கை பெரிய புத்தகம், முழுக்க ஆங்கிலம். ஊரில் பட்டம் படித்த பெண் என்பதால் பெரியவர்கள் அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, கூட்டத்திலும் நீயே பேசிவிடு என்று சொல்லிவிட்டார்கள். "வணிகவியல் படித்த எனக்குப் பாதிச் சொற்கள் பிடிபடவில்லை. எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்? அங்கே ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா?"

அம்மணி, பின்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் பேச வேண்டியதில்லை. இந்தக் கூட்டங்களுக்கு அடிப்படை 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன்படி அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் கொடுத்தாக வேண்டும். கூட்டத்தின் முடிவில், மக்கள் சொன்னதாகப் பதிவு செய்ததைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்து மூலம் கொடுக்கும் ஆட்சேபனையும் தமிழில் இருக்கலாம். ஆங்கிலம் உங்களுக்குப் படிப்பதற்குத்தான் வேண்டும். அறிக்கையில் உள்ள சொல்லை அப்படியே சொல்லி, பக்க எண்ணையும் சொல்லி, கேள்வியை நம் பேச்சில் கேளுங்கள். "காற்று கெட்டுப்போகும், தண்ணீர் கெட்டுப்போகும்" என்று பத்துப் பேர் பேசினால் அது பதிவேட்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அதற்கான பதிலும் முன்கூட்டியே அச்சாகித் தயாராக இருக்கும். "84-ஆம் பக்கத்தில் கிணறுகள் பற்றிய அட்டவணையில் எங்கள் ஊர்க் கிணறு ஒன்றுகூட இல்லையே, ஏன்?" என்ற கேள்வியை அப்படிச் சுருக்க முடியாது. கூட்டத்தில் எழுந்த ஒவ்வொரு கேள்விக்கும் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது.

இனி சொற்களுக்கு வருகிறேன். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். இந்த அறிக்கைகளில் கடினமாகத் தெரிகிற அறிவியல் சொற்கள் அவ்வளவு ஆபத்தில்லை. அவற்றுக்கு அளவு உண்டு, அட்டவணை உண்டு, இணையத்தில் தேடினால் பொருள் கிடைத்துவிடும். எல்லோருக்கும் புரிவதாகத் தோன்றுகிற சாதாரணச் சொற்களில்தான் ஊரின் பிடி நழுவுகிறது. ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு முதல் வாசிப்பில் இந்தச் சொற்களை மட்டும் அடிக்கோடு போடுங்கள்: ‘அடிகுவேட்’, ‘பீரியாடிக்கலி’, ‘நெக்லிஜிபிள்’, ‘அஸ் ஃபார் அஸ் பாசிபிள்’, ‘நாட் என்விசேஜ்ட்’. போதுமான அளவு, அவ்வப்போது, பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு, முடிந்தவரை, எதிர்பார்க்கப்படவில்லை. இவற்றில் ஒன்றையும் பிறகு யாரும் அளந்து பார்க்க முடியாது. "சாலையில் அவ்வப்போது தண்ணீர் தெளிக்கப்படும்" என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை லிட்டர், அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும் என்று கேளுங்கள். எந்தக் கிணற்றிலிருந்து என்பதுதான் காங்கேயம் போன்ற மானாவாரிச் சீமையில் பெரிய கேள்வி.

எதிர்ப்பக்கத்தில் பிடிமானம் உள்ள சொற்கள் இருக்கின்றன: ‘ஷால்’, ‘ஷால் நாட் எக்ஸீட்’, ‘வித்தின்’, ‘பிரையர்’. செய்தாக வேண்டும், தாண்டக் கூடாது, இதற்குள், முன்கூட்டியே. அனுமதி உத்தரவில் ‘ஷால்’ என்று வந்தால் அது கட்டாயம். மீறினால் நடவடிக்கை எடுக்க இடமுண்டு. ஆனால் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை முழுவதும் ‘வில் பி’, ‘இஸ் புரொபோஸ்ட்’ என்றுதான் இருக்கும். மரம் நடப்படும், தடுப்புச் சுவர் எழுப்ப உத்தேசிக்கப்பட்டுள்ளது என்ற வகை. உத்தேசம் அனுமதி உத்தரவில் நிபந்தனையாக ஏறினால்தான் அதற்கு உயிர். அதனால் அறிக்கையில் உங்களுக்குப் பிடித்த வாக்குறுதி எதையாவது கண்டால், "இதை அனுமதியில் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்" என்று கூட்டத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எதிர்ப்பதற்கு மட்டும்தான் கூட்டம் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். திட்டம் வந்தே தீரும் என்றாலும் என்ன கட்டுப்பாட்டோடு வருகிறது என்பதை முடிவு செய்ய நமக்குக் கிடைக்கிற ஒரே மேடை அதுதான்.

அடுத்து மூன்று அனுமதிகள். இவற்றைக் குழப்பிக்கொண்டால் மனுவைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ‘லீஸ்’ என்பது குத்தகை. கனிமவளத் துறையும் மாவட்ட ஆட்சியரும் சம்பந்தப்பட்டது. ‘என்விரான்மென்டல் கிளியரன்ஸ்’ சுற்றுச்சூழல் அனுமதி. இந்த அளவுக் குவாரிகளுக்குச் சென்னையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் கொடுப்பது. ‘கன்சென்ட்’ என்பது 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை. அது இரண்டு கட்டம்: நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. கூட்டத்தை நடத்துவது வாரியம், தலைமை தாங்குவது ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வரும் உயர் அதிகாரி, முடிவெடுப்பது சென்னை ஆணையம். "கலெக்டர் ஐயா, அனுமதி தராதீர்கள்" என்று அவரிடம் மன்றாடுவதைப் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். அவர் அங்கே அனுமதி தருகிற இடத்தில் இல்லை. கேட்டதைப் பதிவு செய்து அனுப்புகிற இடத்தில் இருக்கிறார்.

‘இ.சி.’ என்ற சுருக்கத்தில் கவனமாக இருங்கள். நம் ஊரில் இ.சி. என்றால் பத்திரப்பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்று. குவாரி அறிக்கையின் முன்பக்கங்களில் அது சுற்றுச்சூழல் அனுமதி. அதே அறிக்கையில் தண்ணீர்ப் பரிசோதனை அட்டவணைக்குப் போனால் இ.சி. என்பது நீரின் மின்கடத்துதிறன், அதாவது உப்பின் அளவைக் காட்டுவது. பெரியவர்களுக்குப் படித்துக் காட்டும்போது ஒவ்வொரு இடத்திலும் எது என்று சொல்லிவிடுங்கள்.

‘கோர் சோன்’, ‘பஃபர் சோன்’ என்பவையும் இப்படித்தான். சத்தியமங்கலத்துக்காரர்களிடம் கேட்டால் கோர் என்றால் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி, பஃபர் என்றால் அதைச் சுற்றியுள்ள பகுதி. 2013-இல் காப்பகம் வந்த பிறகு அந்தச் சொற்கள் அங்கே தினசரிப் பேச்சில் கலந்துவிட்டன. குவாரி அறிக்கையில் கோர் என்றால் வெறுமனே குத்தகை நிலம். பஃபர் என்றால் அதைச் சுற்றிப் பெரும்பாலும் பத்துக் கிலோமீட்டர் வட்டம். காப்பகத்தில் கோர் பாதுகாக்கப்பட வேண்டிய இடம். இங்கே கோர் வெட்டி எடுக்கப்படப் போகிற இடம். சொல்லைக் கேட்டதும் ஏதோ பாதுகாப்பு வளையம் போட்டிருக்கிறார்கள் என்று ஊர் நினைத்துவிடக் கூடாது.

‘கிளஸ்டர்’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் நின்று படியுங்கள். ஒரு குவாரி சிறியதாக இருக்கலாம். ஆனால் 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்துப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு மதிப்பீடும் கருத்துக் கேட்பும் தேவைப்படும் என்பது சிறு கனிமங்களுக்கான நடைமுறை. உங்கள் ஊருக்குக் கூட்டம் வந்ததே அதனால்தான் இருக்க வேண்டும். அப்படியானால் தூசி, வெடி, லாரிப் போக்குவரத்து எல்லாவற்றின் கணக்கும் அத்தனை குவாரிகளுக்கும் சேர்த்து இருக்க வேண்டும். அதற்குப் பெயர் ‘க்யூமுலேட்டிவ் இம்பாக்ட்’. அந்தத் தலைப்பு இருந்து, அதன் கீழ் இந்த ஒரு குவாரியின் எண்கள் மட்டும் இருந்தால், அது நல்ல கேள்வி.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுகிற சொல். ‘இன்ஹேபிட்டட் சைட்’. குடியிருப்புப் பகுதி என்று வாசித்துவிட்டுக் கடந்துவிடுவீர்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959, குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் எடுக்கக் குத்தகை தரக் கூடாது என்கின்றன. ஆனால் அந்தச் சொல்லுக்கு விதியிலேயே விளக்கம் இருக்கிறது: வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஊர் மனை, வீட்டு மனை என்று காட்டப்பட்ட இடம், அல்லது உள்ளாட்சி அல்லது நகரமைப்புத் துறை ஒப்புதல் அளித்த மனை. இப்போது நம் சீமையை நினைத்துப் பாருங்கள். தஞ்சைப் பக்கம்போல நாம் எல்லோரும் ஊருக்குள் சேர்ந்தா குடியிருக்கிறோம்? தோட்டத்துச் சாளைதான் பாதிப் பேருக்கு வீடு. நிலத்தின் நடுவில் ஓட்டு வீடு, பக்கத்தில் கட்டுத்தரை, கிணறு, ஒரு வேப்பமரம். அடுத்த வீடு இரண்டு வயல் தாண்டி. அந்த வீட்டுக்கு மின் இணைப்பு இருக்கும், ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டியிருப்பார்கள், குடும்ப அட்டை இருக்கும், மூன்று தலைமுறை அங்கேயே பிறந்திருக்கும். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண் புன்செய் நிலம், நத்தம் அல்ல. அறிக்கையில் "300 மீட்டருக்குள் குடியிருப்புப் பகுதி எதுவும் இல்லை" என்று எழுதியிருப்பவர் பொய் சொல்லவில்லை. அந்த விளக்கத்துக்குள் சாளைகள் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். கூட்டத்துக்கு முன் குவாரி எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு சாளையையும் சர்வே எண்ணோடு, வீட்டு வரி ரசீதோடு, மின் இணைப்பு எண்ணோடு, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதோடு எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ளலாம். அறிக்கையில் ‘சென்சிட்டிவ் ரிசெப்டார்’ அல்லது ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ என்ற தலைப்பில் ஓர் அட்டவணையோ வரைபடமோ இருக்கும். 300 மீட்டர், 500 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் கட்டடங்களை அதில் காட்டியிருப்பார்கள். உங்கள் பட்டியலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுபட்ட வீடுகளைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் சர்வே எண்ணைச் சொல்லி வாசியுங்கள். குத்தகை விதியில் நமக்குச் சாதகம் குறைவாக இருந்தாலும், சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பவர்கள் வீடு எங்கே இருந்தாலும் மனிதர் இருக்கும் வீடாகக் கணக்கில் எடுத்து நிபந்தனை போட முடியும். அவர்கள் கண்ணில் அந்த வீடுகள் பட வேண்டும்.

இதே வகையில் இன்னொரு சொல் ‘வேஸ்ட்லேண்ட்’, தரிசு நிலம். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் ‘ஸ்க்ரப்’, ‘பேரன்’, ‘ஃபேலோ’ என்றும் வரும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நிறம் பிரித்தவருக்கு நம் கொறங்காடு அப்படித்தான் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேலமரம், கீழே கொழுக்கட்டைப் புல். மாட்டை மாற்றி மாற்றிப் பட்டியில் அடைத்து மேய்க்கிற நிலம். காங்கேயம் மாடு பிழைத்திருப்பதே இந்த மேய்ச்சலால்தான். மழை குறைந்த இந்த மண்ணில் நம் முன்னோர் கண்டுபிடித்த, புல்லும் மரமும் கால்நடையும் ஒன்றையொன்று தாங்குகிற ஏற்பாடு அது. அதைத் தரிசு என்று எழுதிவிட்டால், "விவசாய நிலம் எதுவும் பாதிக்கப்படாது" என்று அடுத்த வரியில் எழுதுவதற்கு வழி பிறந்துவிடுகிறது. மேய்ச்சல் நிலம் என்று பொருள்படும் ‘கிரேசிங் லேண்ட்’ அல்லது ‘பாஸ்ச்சர்’ என்று திருத்தக் கேளுங்கள். தாவரப் பட்டியலில் அறிவியல் பெயர்கள் வரும். கிளுவைக்குக் ‘கோமிஃபோரா’, கொழுக்கட்டைப் புல்லுக்குச் ‘சென்க்ரஸ்’ என்று தொடங்கும். பட்டியலில் இரண்டும் இருந்து, நிலத்தை மட்டும் தரிசு என்று சொல்லியிருந்தால் அறிக்கையே தன்னை மறுக்கிறது என்று பொருள்.

விலங்குப் பட்டியலில் ‘ஷெட்யூல் ஒன்’ என்ற பத்தியைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை, மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற உயிரினங்களுக்கானது. மயில் அதில் இருக்கிறது. சோளக்காட்டில் மயில் இறங்குவதைப் பற்றிப் புலம்பாத விவசாயி நம் பக்கத்தில் யார்? அறிக்கை "முதல் அட்டவணை உயிரினம் எதுவும் காணப்படவில்லை" என்று சொன்னால், கள ஆய்வு எந்த நாட்களில், எந்த நேரத்தில் நடந்தது என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

‘பேஸ்லைன் டேட்டா’ என்பது திட்டம் வருவதற்கு முன் காற்று, நீர், மண், ஒலி எப்படி இருக்கின்றன என்ற அளவீடு. பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம், மூன்று மாதம் எடுப்பார்கள். எந்த மூன்று மாதம் என்பதை முதலில் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். மாசி, பங்குனியில் அளந்துவிட்டு, தூசி இவ்வளவு தூரம்தான் போகும் என்று கணித்திருந்தால், ஆடிக் காற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? ‘விண்ட் ரோஸ்’ என்று வட்டமாக இதழ் இதழாக ஒரு படம் இருக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம் வீசியது என்பதைக் காட்டுவது. அதில் குறித்துள்ள மாதங்களைப் பாருங்கள். பிறகு ‘டவுன்விண்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். காற்று போகும் திசையில் உள்ள அளவீட்டு இடம் அது. அது உங்கள் ஊராக இருக்கிறதா, வேறு எங்கோ வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

எண்களில் சிலவற்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ‘பி.எம். டென்’ என்ற நுண்தூசிக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அதைவிட நுண்ணிய ‘பி.எம். டூ பாயின்ட் ஃபைவ்’ தூசிக்கு 60. குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. வெடி வைக்கும்போது நிலம் அதிர்வதை ‘பீக் பார்ட்டிகிள் வெலாசிட்டி’ என்று அளப்பார்கள். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-இல் வகுத்த வரம்பில், சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. அதிர்வெண்ணைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் எழுதியிருந்தால் அந்த எண்ணை எந்த வரம்போடு ஒப்பிடுவது? இதைக் கேளுங்கள். மண் சுவர் சாளைகளும் கல் கட்டிய பழைய கிணறுகளும் உள்ள இடத்தில் இது வீட்டுச் சுவரில் விரிசல் விழுமா என்ற கேள்வி.

தண்ணீர்ப் பகுதியில் ‘எம்.பி.ஜி.எல்.’ என்பது நிலமட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் ஆழம் என்று குறிப்பது. ‘அல்டிமேட் பிட் டெப்த்’ குவாரி கடைசியில் எட்டும் ஆழம். இரண்டையும் எடுத்து எழுதிப் பாருங்கள். "நிலத்தடி நீர்மட்டத்தை ‘இன்டர்செக்ட்’ செய்யாது" என்ற வாக்கியம் நிச்சயம் இருக்கும். குறுக்கிடாது என்று பொருள். பள்ளத்தின் ஆழம் 45 மீட்டர், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் 20 மீட்டரில் என்றால் அந்த வாக்கியம் எப்படி நிற்கும் என்று விளக்கச் சொல்லுங்கள். நம் பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்புகள் வழியாக ஓடுகிறது. கிணற்றுக்குக் கிணறு மட்டம் மாறும். ஆகவே அவர்கள் காட்டும் ஒரு ஆழ்துளைக் கிணற்றின் அளவை வைத்து ஊர் முழுவதற்கும் முடிவு சொல்ல முடியாது.

நொய்யல் ஆற்றின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குவாரிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் இந்தச் சொற்களை நம் விவசாயிகள் பாடமாகக் கற்றது அங்கேதான். பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. சென்னிமலை, காங்கேயம் பக்கத்து விவசாயிகளுக்கு ‘டி.டி.எஸ்.’ என்ற மூன்றெழுத்து அப்போது பழக்கமானது: நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், நடைமுறையில் உப்பு. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தரம். ஆலைக் கழிவை நீர்நிலையில் விடத் தமிழகத்தில் வரம்பு 2100. பி.ஓ.டி., சி.ஓ.டி. என்ற கரிமக் கழிவின் அளவுகளைச் சுத்திகரிப்பால் குறைத்துவிடலாம். உப்பு அப்படிப் போகாது. சாயம் துணியில் பிடிப்பதற்காகச் சேர்க்கிற உப்பு, நிறம் நீங்கித் தெளிந்த தண்ணீரிலும் அப்படியே இருக்கும். "தண்ணீர் தெளிவாக இருக்கிறதே" என்று பட்டறைக்காரர்கள் சொன்னதும், "தென்னை காய்கிறதே" என்று விவசாயிகள் சொன்னதும் இரண்டுமே உண்மையாக இருந்தன.

அதனால்தான் ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ வந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்பது அதன் பொருள். எதிர் சவ்வூடுபரவல் மூலம் தண்ணீரைப் பிரித்து மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்துவது, மிஞ்சுகிற உப்புச் செறிந்த ‘ரிஜெக்ட்’ நீரை ஆவியாக்கி உப்பை எடுப்பது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் இதை நிறைவேற்றக் கெடு விதித்தது; 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; நிறைவேறாததால் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர் திகைத்துப்போன நாட்கள் அவை. வேலை இழந்தவர்களின் துயரத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களும் நம் மக்கள்தான். ஆனால் ‘ஜீரோ’ என்ற சொல்லுக்கு இருந்த பிடி அந்தப் பக்கத்தில் எத்தனை ஆண்டு மனுக்களுக்கும் கிடைக்காதது. ‘குறைக்கப்படும்’ என்று எழுதியிருந்தால் இன்னும் குறைத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

நொய்யலில் கற்ற இன்னொன்று ‘சாம்பிள்’. நீங்களே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால் அது உங்களுக்குத் தெரிந்துகொள்ள உதவும். வாரியம் அதை வைத்து ஆலை மீது வழக்குத் தொடர முடியாது. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறபடி, வாரிய அதிகாரி முன்னறிவிப்புக் கொடுத்து, இடத்துக்குப் பொறுப்பானவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். ஆகவே மனுவில் "தண்ணீரைப் பரிசோதியுங்கள்" என்று எழுதாமல், "21-ஆம் பிரிவின்படி மாதிரி எடுங்கள்" என்று எழுதுவது நல்லது.

தீர்ப்புகளில் அடிக்கடி வரும் இரண்டு கோட்பாடுகள் ‘பொல்யூட்டர் பேஸ்’, ‘பிரிகாஷனரி பிரின்சிபிள்’. மாசுபடுத்தியவரே இழப்பையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது முதலாவது. கேடு வரும் என்று அறிவியல் இன்னும் முழுதாக நிரூபிக்காததைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இரண்டாவது. 1996-இல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. 2010-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் இவை எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் கருத்துக் கேட்பில் இவற்றை முழங்குவதைவிட, கிணற்று ஆழத்தைக் கேட்பதே பயன் தரும்.

தொழிற்சாலைகளின் நிறப் பிரிவும் காதில் விழும். சிவப்பு அதிகம் மாசுபடுத்துவது, பிறகு ஆரஞ்சு, பச்சை, வெள்ளை. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துத் தென்னை நார்த் தொழில் வெள்ளையிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். நிறம் மாறினால் இசைவாணை, கட்டணம், ஆய்வு எல்லாம் மாறும்.

காட்டுப் பக்கத்துச் சொற்கள் உங்களுக்கு இப்போது வேண்டியதில்லை, ஒன்றிரண்டு மட்டும். ‘எக்கோ சென்சிட்டிவ் சோன்’ என்பது சரணாலயத்தைச் சுற்றி 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படும் பகுதி. அதில் பட்டா நிலமும் வரும், நிலம் யாரிடமிருந்தும் பறிக்கப்படுவதில்லை; எது தடை, எது கட்டுப்பாடு, எது ஊக்குவிப்பு என்ற பட்டியல்தான். ‘ராம்சர் சைட்’ உலகளவில் முக்கியமான சதுப்பு நிலம். நம் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-இலும், திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இலும் அந்தத் தகுதி பெற்றன. உங்கள் குவாரி அறிக்கையில் அருகிலுள்ள சரணாலயம் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரி இருக்கும்; வெள்ளோட்டுக்கான தூரத்தை வரைபடத்தில் அளந்து சரிபாருங்கள்.

கூட்ட நாளுக்கு வருகிறேன். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் வாரிய அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். யாராவது "இங்கே இல்லை" என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள், அல்லது நீங்களே தேதியோடு எழுதி வாரியத்துக்கு அனுப்புங்கள். கூட்டம் தொடங்க ‘கோரம்’ தேவையில்லை, அதாவது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை. யாரும் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் பதிவாகும். புறக்கணிப்பதாக முடிவெடுக்கும் ஊர்கள் இதை யோசிக்க வேண்டும். பேச்சை வீடியோவில் பதிவு செய்வார்கள். கடைசியில் ‘மினிட்ஸ்’, அதாவது கூட்டப் பதிவை வாசிக்கும்போது, வெயிலாகிவிட்டது, சாப்பாட்டு நேரம் என்று கலைந்துவிடாதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் திருத்தச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பேசியதை எழுதியும் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் ‘கம்ப்ளையன்ஸ் ரிப்போர்ட்’ என்ற சொல் உங்களுக்கு வேலை செய்யத் தொடங்கும். நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் குவாரிக்காரர் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். கேட்டால் கொடுக்க வேண்டும். அனுமதியையே எதிர்ப்பதானால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு. அதற்கு ‘லிமிடேஷன்’ 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. கெடு ஓடத் தொடங்குவது அனுமதி தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து. ஆகவே கூட்டம் முடிந்த மறுவாரத்திலிருந்தே சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் திட்டத்தின் கோப்பு எண்ணைப் போட்டு வாரம் ஒரு முறை பார்க்க ஊரில் ஒருவரை நியமித்துவிடுங்கள். அனுமதி கிடைத்ததாக உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறதா என்பதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.